குளத்தைச் சுற்ற உதவிய அங்கிள்

இன்று பின்னேரம் முதல் தடவையாக, யாருடைய துணையும் இல்லாமல் பூங்காக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர என் வீல்செயரில் புறப்பட்டேன். புதுப் பாதையில் படியும் இல்லை, பள்ளமும் இல்லை.

வாசலைத் தாண்டியதுமே பின்னாலிருந்து வீல்செயரின் கைப்பிடியை யாரோ பிடித்துவிட்டார். நடக்க வந்த ஒரு அங்கிள்.

"விடுங்க அங்கிள், நான் தனியப் போவன்."

"சும்மா இருங்க மகள். பார்த்துக்கொண்டு பேசாமப் போறதா?"

தள்ளினார். வீடு எங்கே, அப்பாவுக்கு என்ன வேலை, ஏன் இன்னும் கல்யாணம் கட்டவில்லை என்று கேள்விகளையும் சேர்த்துத் தள்ளினார்.

பாதிச் சுற்றில் கேள்விகள் நின்றன. திரும்பிப் பார்த்தால் மனிதருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. பயந்துபோய் அவரைப் பக்கத்து மர வாங்கில் உட்காரச் சொல்லி, என் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன்.

பின்னால் மெல்ல ஆறுதலாக நடந்து வந்த அவருடைய மனைவி தலையில் கை வைத்தார். "டொக்டர் இவரை மெல்ல நடக்கத்தான் சொன்னவர். ஆக்களைத் தள்ளச் சொல்லல்ல."

அங்கிள் குளத்தைப் பார்த்தார்.

"நீங்க இருங்க அன்ட்டி. நான் வாசலுக்குப் போய் ஓட்டோவ இங்க அனுப்புறன்" என்றேன்.

அங்கிளுக்கு இன்னும் மூச்சு சீராகவில்லை. ஆனாலும் விடவில்லை.

"கவனம் மகள்! தனியப் போறீங்க, களைச்சிருவீங்க!"

மீதிப் பாதியைத் தனியாகவே சுற்றி முடித்து, வாசலில் நின்ற ஓட்டோவையும் அனுப்பிவிட்டேன். கை நோகிறது, மனதுக்கு நல்ல சந்தோசம்.

நாளைக்கும் போகிறேன். அங்கிளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வரலாமா, என்ன சொல்கிறீர்கள்?