அப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள்

ஜெர்மனியில் பதிவுத் திருமணம் செய்ய, எனக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை என்று பெற்றவர் ஒருவர் நோட்டரி முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"வேலை விஷயமா ஒரு பேப்பர்ப்பா" என்று பொய் சொல்லி, இன்று அப்பாவை மல்காஜ்கிரியில் இருக்கும் நோட்டரியிடம் அழைத்துப் போனேன். எல்லாம் முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

முப்பது வருடம் ரயில்வே ஆபீஸில் இருந்தவர். பால் பாக்கெட்டைக்கூட அச்சடித்ததைப் படித்துவிட்டுத்தான் வெட்டுவார். இந்தத் தாளை மட்டும் படிக்கவில்லை. "எங்கம்மா போடணும்?" என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் போட்டார்.

நோட்டரி படித்தார். முத்திரை குத்தப் போனவர் நிமிர்ந்து, பெண்ணுக்குக் கல்யாணம் எப்போது என்று அப்பாவிடம் தெலுங்கில் கேட்டார்.

என் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"வச்சே நெலண்டி" என்றார் அப்பா, பத்திரிகையே அடித்துவிட்டு வந்தவர் போல. அடுத்த மாதமாம். எனக்கே இன்னும் தேதி கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் ஆட்டோ மௌலா அலியைத் தாண்டியது. அப்பா வெளியே பார்த்தபடி, "அங்க சாட்சிக்கு ஆள் வேணுமே, பாத்தாச்சா?" என்றார்.

"ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் வர்றாங்கப்பா."

"சரி. அவங்ககிட்டயாவது சொல்லியிருக்கியே."

கொடுத்துவிட்ட சாட்சிப் பெயரை மாற்ற முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த இருவரில் ஒருவர் கோபித்துக்கொள்ளாமல் கேமராவைப் பிடித்துக்கொள்ளவும்.