எங்கள் காதைத் திறந்த நஞ்சுண்டேஸ்வரர்

பள்ளி திறக்கும் ஜூன் மாதம் நெருங்கினாலே எனக்குப் பயம். மற்ற வீடுகளில் பிள்ளைக்குப் பை வாங்கினோம், ஷூ வாங்கினோம் என்று சந்தோஷமாகப் பேசுவார்கள். எனக்குப் புது யூனிபார்மின் வாசனையே ஆகாது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜூனில் என் மகள் அந்த யூனிபார்மைப் பார்த்தவுடன் வாந்தி எடுப்பாள். நான் ஒரு கையால் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அடுப்பில் இருப்பதைக் கிளறுவேன். அந்த மாதம் நான் உயிரோடு இருந்தேன் என்பதைத் தவிரப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நஞ்சன்கூட்டு ஈசனை நம்பி வாழும் அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே, நான் பத்தாவது வரைதான் படித்தவள். திங்கட்கிழமை பஜனையில் பார்க்கிறபோதெல்லாம் உன் அனுபவத்தை எழுதிக்கொடு என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். வேலைக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ரயிலைத் திட்டுங்கள்.

எங்களுக்குச் சொந்த ஊர் அரூர் பக்கம். என் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறார். மைசூரில் வேலை விடாமல் கிடைக்கிறது என்று முதலில் அவர் மட்டும் வந்தார். பிள்ளை ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் என்று ரொம்ப நாள் இழுத்தது. அது போதும் என்று அந்த ஏப்ரலில் நானும் எங்கள் ஒரே மகள் தர்ஷினியும் கிளம்பி வந்துவிட்டோம். மைசூரில் அக்ரஹாரம் என்கிற பகுதியில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை வீடு. எனக்கு, ரயிலில் போய்வருகிற தூரத்தில், நஞ்சன்கூட்டில் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை, மதிய ஷிப்ட். மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் தூங்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

தர்ஷினி கன்னடப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். சந்தில் விளையாடியே 'பா', 'ஹோகு', 'பேடா' என்று கன்னடம் பேசக் கற்றிருந்தாள். வா, போ, வேண்டாம் என்று பேசத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைத்தோம். பள்ளியிலும் அப்படித்தான் நினைத்தார்கள்.

முதல் வாரம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அழுதார்கள். அடுத்த வாரம் ஒவ்வொன்றாக அடங்கின. என் மகள் அடங்கவில்லை. என் புடவையைப் பிடித்தால் விரலைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டும். பிறகு அழுகை நின்றது, ஆனால் பேச்சும் ஏறக்குறைய நின்றுவிட்டது. அதற்கு அழுகையே மேல். பக்கத்து வீட்டு அக்கா தன் மகளோடு சேர்த்து இவளையும் சாயங்காலம் அழைத்து வருவார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டாளாம். ஒரு நாள் காலையில் என்னிடம் மெல்லச் சொன்னாள்.

"என்னைய எத்து எத்துன்னு கூப்புடறாங்கம்மா."

பக்கத்து வீட்டு அக்காவிடம் அர்த்தம் கேட்டேன். அவர் சொல்லத் தயங்கினார். பிறகு, எத்து என்றால் காளை மாடு என்றார். என் பிள்ளையை மாடு என்று சொல்ல இவர்கள் யார் என்று, தலையைக்கூட ஒழுங்காக வாராமல் பள்ளிக்குச் சண்டை போடக் கிளம்பினேன்.

அவளுடைய வகுப்பு மிஸ் சண்டைக்கு வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. என்னை உட்கார வைத்து, எனக்குப் புரியும்படி நிதானமாகக் கன்னடத்தில் சொன்னார். உட்காரச் சொன்னால் உட்காருகிறாள். கூப்பிட்டால் வருகிறாள். ஆனால் எழுந்திருக்கச் சொன்னால் அசைவதில்லை. பதில் சொல்லச் சொன்னால் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறாள், மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சில நேரம் காது கேட்கிறது, சில நேரம் கேட்கவில்லை போல இருக்கிறது, ஒருமுறை சோதித்துப் பாருங்கள் என்றார். தலைமை ஆசிரியை இன்னும் ஒன்று சொன்னார். பிள்ளைக்கு ஏதாவது குறை இருந்தால் இந்த வருடம் நிறுத்திவிட்டு, வைத்தியம் பார்த்து, அடுத்த வருடம் கொண்டுவாருங்கள் என்றார்.

வெளியே தூறல். குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் வீடு வரை நடந்தேன்.

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஊர்ல எங்க அக்கா ஊட்ல உட்டுடலாம். அங்க ரெண்டு புள்ளைங்க இருக்குது, கூடச் சேந்து வளரும். நீயும் ஷிப்டுக்குப் போயிடற, நானும் சைட்டுக்குப் போயிடறேன். இங்க யாரு பாக்கறது?"

அவர் கெட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மகளை வண்டியின் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போவார். வழியெல்லாம் ஒரு விளையாட்டு. இவர் ஒரு எண்ணைச் சொன்னால் அவள் அடுத்த எண்ணைச் சொல்ல வேண்டும். இவர் மூணு என்பார், அவள் நாலு என்பாள். ஹைவேயில் அத்தனை லாரிச் சத்தத்திலும் தப்பாமல் சொல்வாள். காது கேட்காத பிள்ளை அதை எப்படிச் சொல்லும் என்று கேட்டேன்.

"அப்போ பள்ளிக்கூடத்துல ஏன் கேக்கல?" என்றார்.

அங்கேயே தன் அக்கா வீட்டுக்குப் போன் செய்தார். அவர்கள் சரி என்றார்கள். காது சோதனை முடிந்ததும் கொண்டுவிடுவது என்று பேச்சு.

அந்தத் திங்கட்கிழமை ரயிலை விட்டு இறங்கி, ஷிப்டுக்கு நேரம் இருந்ததால், கோயிலுக்குப் போனேன். எங்கள் குலதெய்வம் இருப்பது அரூருக்கும் அந்தப் பக்கம். நினைத்தவுடன் போய் நிற்க முடியாது. நஞ்சுண்டேஸ்வரரை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. நஞ்சையே விழுங்கியவர், வியாதியைத் தீர்ப்பவர் என்று கம்பெனியில் எல்லோரும் சொல்லிக் கேட்டிருந்தேன், அவ்வளவுதான். என்னென்ன கேட்க வேண்டும் என்று ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தேன். இது செய்கிறேன், அது செய்கிறேன் என்று வேண்டுதலும் தயாராக இருந்தது.

வரிசை நகரவில்லை. குளிர்ந்த கல்தூணில் சாய்ந்தேன். நின்றபடியே தூங்கிவிட்டேன். பின்னால் இருந்த அம்மா முதுகில் தட்டி நகரச் சொன்னபோதுதான் விழிப்பு வந்தது. சந்நிதிக்கு முன்னால் போய் நின்றால், யோசித்து வைத்தது ஒன்றுகூட ஞாபகம் இல்லை. வேண்டுதலும் மறந்துபோயிற்று. வாயில் வந்தது இதுதான்.

"அப்பா, என்னால முடியல. புள்ளைய என்கிட்ட இருந்து பிரிச்சிடாத."

தீர்த்தம் கொடுத்தார்கள், குடித்தேன். வெளிச்சம் தெரியவில்லை, கனவு வரவில்லை, யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. ஷிப்டுக்குப் போய் அட்டைப்பெட்டி ஒட்டினேன்.

அந்த வாரமே வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். காது சோதிக்கும் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. நல்ல கூட்டம். தர்ஷினி என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். என் வீட்டுக்காரர் எதிரே சுவரில் சாய்ந்து நின்றார். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு கன்னடக்கார அம்மா. அவருடைய சின்னப் பெண் பெஞ்சிலேயே தூங்கிப்போயிருந்தது. உள்ளேயிருந்து அவர்களைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா பிள்ளையைத் தட்டி எழுப்பினார்.

"ஏளு, ஏளு."

என் மடியிலிருந்து சின்னக் குரல் வந்தது.

"எட்டு."

அந்தப் பிள்ளை எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா மறுபடி உலுக்கி, ஏளு என்றார். என் மகளுக்குச் சலிப்பு வந்துவிட்டது. முகத்தைத் தூக்காமலே இன்னும் கொஞ்சம் சத்தமாக எட்டு என்றாள்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். சுவரை விட்டு நிமிர்ந்து நின்றுவிட்டார்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ழகரம் யாருக்கும் நாக்கில் வராது. ஏழு என்பதை ஏளு என்றுதான் சொல்வோம். கன்னடத்தில் ஏளு என்றால் எழுந்திரு. ஹேளு என்றால் சொல்லு. வேகமாகச் சொன்னால் அதுவும் ஏளு போலத்தான் காதில் விழும். எழுந்திரு என்று மிஸ் சொன்னபோதெல்லாம் என் மகள் உட்கார்ந்த இடத்திலேயே, ரொம்ப ஒழுங்காக, அப்பா சொல்லிக்கொடுத்தபடி எட்டு என்று சொல்லியிருக்கிறாள். மற்ற பிள்ளைகள் காதில் அது எத்து என்று விழுந்திருக்கிறது. எழுந்திருடி என்றால் காளை மாடு என்று பதில் சொல்கிற பிள்ளையைப் பார்த்து யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

அவர் குனிந்து அவளிடம் கேட்டார், மிஸ் ஏளு என்று சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று.

"எட்டுன்னு சொல்லுவேன். நான் சரியாத்தான் சொல்றேன். மிஸ்தான் அடுத்த நம்பருக்குப் போகவே மாட்டேங்கறாங்க. ஏளு ஏளுன்னு அதையே சொல்லிட்டுத் திட்டறாங்க."

நான் சிரித்தேன். ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. சரியான பதிலைச் சொல்லிச் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறாள் என் பிள்ளை. அதை ஒரு மாதமாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வாந்தி எடுத்திருக்கிறாள். சோதனை செய்த பெண், காதில் ஒரு குறையும் இல்லை, பாம்புக்காது என்று சொன்னபோது எங்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவ்வளவு நீளமான பெஞ்சில், அந்த அம்மா ஏன் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்? அந்தக் குழந்தைக்கு ஏன் சரியாக அப்போது தூக்கம் வந்தது? வேண்டுதலைக்கூட மறந்துவிட்டு நின்ற என்னை நஞ்சுண்டேஸ்வரர் மறக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மறுநாள் மிஸ்ஸிடம் சொன்னோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தமிழில் எழுந்திரு என்பதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டுக் கற்றுக்கொண்டார். அக்கா வீட்டுக்குப் போன் செய்து, பிள்ளை வரவில்லை என்று சொன்னோம்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் சாமிக்கே பொறுக்காது. எத்து என்ற பெயர் உடனே போகவில்லை. காலையில் புடவையைப் பிடித்து இழுப்பதும் கொஞ்ச நாள் தொடர்ந்தது. ஆனால் வாந்தி நின்றது. வாய் திறந்தது. ஆடி பிறந்த பிறகு ஒரு நாள், கேட் வந்ததும் என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. இதற்காகத்தானே அத்தனை அழுதோம் என்று நினைத்தேன். ஆனாலும் ஒருவேளை திரும்புவாளோ என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் யார் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாலும், முதல் நாள் நான் கூடப் போகிறேன். இதுதான் நான் ஈசனுக்குச் செய்கிற வேண்டுதல். உங்கள் பிள்ளை வீட்டில் ஒன்றுக்குப் போவதை என்னவென்று சொல்லும், தண்ணீரை எப்படிக் கேட்கும், வயிறு வலித்தால் என்ன சொல்லும் என்பதை முதல் நாளே மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள் என்பேன். எழு, உட்கார், சொல்லு, வாங்கிக்கொள் என்று மிஸ் சொல்கிற வார்த்தைகளை வீட்டில் விளையாட்டாகச் சொல்லிப் பழக்குங்கள் என்பேன். பிள்ளை தப்பாக ஏதாவது செய்தால், அது என்ன கேட்டது என்று முதலில் கேளுங்கள் என்பேன். சிலர் கேட்பார்கள். சிலர் இவள் யார் நமக்குச் சொல்ல என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

களைப்பு இன்னும் போகவில்லை. அதே ரயில், அதே ஷிப்ட், அதே ஒற்றை அறை. களைப்பைப் போக்கு என்று நான் அவரிடம் கேட்கவும் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப்போல ஓய்ந்துபோன அம்மாக்கள் இருப்பீர்கள். விரதம் இருக்கத் தெம்பில்லை, மந்திரம் தெரியாது, கண்ணை மூடினால் தூக்கம்தான் வருகிறது என்று தள்ளிப்போடாதீர்கள். தூங்கி வழிந்துகொண்டே போய் நில்லுங்கள். முடியல என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவருக்கு அது போதும்.

வேலை முடிந்து வந்து நான் படுத்ததும், என் மகள் தூக்கத்திலேயே உருண்டு வந்து காலைத் தூக்கி என் மேல் போடுகிறாள். வளர்ந்துவிட்டாள், கால் கனக்கிறது. ஷிப்ட் முடிந்த இடுப்புக்கு அது வலிக்கத்தான் செய்கிறது. நான் நகர்த்துவதில்லை.