ஏழு மழைக்காலம் இழைத்த கதவு

கரமனை அக்ரகாரத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டை விற்கப் போனபோது நடந்தது இது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பின்கட்டு அறைக் கதவு மழைக்காலம் வந்தால் தரையில் உரசும். தச்சரைக் கூப்பிடுவேன். "மழையில மரம் வீங்கும், மாமி" என்று அடிப்பக்கத்தை இழைத்துவிட்டுப் போவார். ஏழு வருஷம் இப்படியே ஓடியது.

வீட்டைப் பார்க்க வந்த புரோக்கர் அந்தக் கதவை ஒருமுறை சாத்திப் பார்த்தார். நிலைக்கு மேலே சரிவாக ஓடிய விரிசலை விரலால் தடவினார்.

"அஸ்திவாரம் இறங்கியாச்சு, மாமி. சாரமில்லை, அதொண்ணும் பெரிசில்லை. பெயிண்ட் அடிச்சு ஒரு காலண்டர் மாட்டிட்டா ஆரும் காணாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை வருஷமும் என் பெண் கட்டில் போட்டுப் படுத்தது அந்தச் சுவரோரம்தான்!

புரோக்கரை அப்போதே அனுப்பிவிட்டு, கொத்தனாரை வைத்துத் தோண்டினேன். உடைந்துபோன குளியலறைக் குழாயின் தண்ணீர் அஸ்திவாரத்தின் அடிமண்ணைக் கரைத்திருந்தது. நேரே தச்சரிடம் போனேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, ஏன் சொல்லலை?"

"மாமி கதவைத்தானே நோக்கச் சொன்னது?" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

குழாயை மாற்றி, அஸ்திவாரத்தைச் சரிசெய்து, வாங்க வந்த தம்பதியிடம் நடந்ததை முழுக்கச் சொல்லித்தான் விற்றேன்.

இப்போதெல்லாம் கதவு உரசினால் முதலில் சுவரைப் பார்க்கிறேன். வெளியே போய் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். வேலைக்கு யார் வந்தாலும், படி இறங்கும் முன் வழிமறித்துக் கேட்கிறேன்: "நான் பார்க்கச் சொல்லாத எதையாவது பார்த்தேளா?"