கோழிகள் முந்திக்கொண்ட புதுச்சாமை

நான் கொல்லிமலைக்கு உபதேசியாராகப் போனபோது என்னுடன் ஒரு பாட்டுப் புத்தகமும், காய்ச்சலுக்கு ஒரு புட்டி கொயினா மாத்திரையும், ஒரு மூட்டை நெல்லரிசியும் வந்தன. மூட்டையை நான் சுமக்கவில்லை. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு சுமைக்காரர் சுமந்தார். நான் பின்னால் கீர்த்தனை பாடிக்கொண்டு ஏறினேன். வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம் அது. மலைக்கு ரோடு கிடையாது. காய்ச்சல் மட்டும் தாராளமாக உண்டு.

மலைமேல் குண்டனி நாடு என்ற பகுதியின் சிற்றூர் ஒன்றில் எனக்குப் புல் வேய்ந்த ஒரு ஜெபவீடு. என் சபையில் மூன்று பேர்: ஒரு குடியானவர், அவர் மனைவி, அவர்களுடைய நாலு வயசுப் பெண். மூவருக்கும் நான் முந்நூறு பேருக்குக் கேட்கிற குரலில் பிரசங்கம் செய்வேன். என்னிடம் இருந்ததோ ஒரே பிரசங்கம். "பழசை விடுங்கள், புதுசைப் பிடியுங்கள். மாற்றத்துக்குப் பயப்படுகிறவனுக்கு விசுவாசம் இல்லை." இதையே வாரா வாரம் உதாரணத்தை மட்டும் மாற்றிச் சொல்லுவேன்.

அவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை, செய்தார்கள். அந்த மனிதர் குடுமியை எடுத்தார். ஊர்க்கோயில் பூசைக்குப் போவதை நிறுத்தினார். பெண்ணின் இடுப்பில் கட்டியிருந்த தாயத்தை அவர் மனைவியே அறுத்துப் போட்டாள். ஊரார் அவர்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

நான் என்ன மாறினேன் என்று யாரும் கேட்கவில்லை. காலையில் கருப்பட்டிக் காப்பி, மத்தியானம் நெல்லுச்சோறு, இரண்டும் கீழே இருந்தபடியே மேலேயும் நடந்தன. மலையில் விளையும் சாமையை நான் வாயில் வைத்ததே இல்லை. சாமைச்சோறு தொண்டையில் இறங்காது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இறக்கிப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. ஊருக்குத்தானே உபதேசம்.

முதல் வருஷ அறுவடையின்போது அந்தக் குடியானவர் ஒரு சிறு கூடையில் குத்திப் புடைத்த சாமையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"புதுச்சாமைங்க ஐயா. மொதல்ல உங்களுக்குத்தானுங்க" என்றார். அவர் மனைவியும் பெண்ணும் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெச்சுட்டுப் போ" என்றேன். என்னைவிட மூத்தவரை அன்று நான் வா, போ என்றுதான் கூப்பிட்டேன்.

மறுநாள் காலையில் எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பயந்துபோய் உடனே மலையிறங்கினேன். போகிற அவசரத்திலும் என் நான்கு கோழிகளை மறக்கவில்லை. அவரைக் கூப்பிட்டு, "இதுகளைப் பார்த்துக்க. அந்தக் கூடைச் சாமையையே போடு" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரிங்க" என்றார்.

காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது. மாமியார் வீட்டு ரசம் விடவில்லை. மூன்று வாரம் தங்கினேன். அந்த ஊர்ச் சபையில் என் மலை ஊழியத்தைப் பற்றிச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று, "மலை ஜனங்கள் நல்லவர்கள்தான். ஆனால் பழசை விடமாட்டேன் என்கிறார்களே" என்று கண்கலங்கினேன். எனக்காகப் பலர் உச்சுக்கொட்டினார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

திரும்பி மலையேறியதும் முதலில் கோழிகளைப் பார்த்தேன். நன்றாகக் கொழுத்திருந்தன. அவரைப் பாராட்டத் திரும்பினேன். அவருடைய கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அவர் மனைவிக்குக் காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டித் தோண்டிக் கையெல்லாம் கீறல். அந்தப் பெண் எழுந்து வரவில்லை, அம்மாவின் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். மூலையில் குதிர் நிறையச் சாமை இருந்தது.

"ஊட்டுல தானியத்த வெச்சுக்கிட்டு ஏனுங்க இப்படி?" என்று கேட்டேன். என்னையறியாமல் மரியாதை வந்துவிட்டது.

அவர் தயங்கினார். அவர் மனைவிதான் சொன்னாள். "பழைய தானியம் தீந்துபோச்சுங்க. இங்க சாமிக்குப் படைக்காம புதுத் தானியத்த ஆரும் வாயில வெக்க மாட்டமுங்க. ஊருல கோயில்ல படைச்சுப்போட்டு அல்லாரும் தின்னுட்டாங்க. எங்களுக்குக் கோயில் இல்லீங்களே. கர்த்தருக்கு முந்தி நாம திங்கலாமான்னு இவரு கேட்டாருங்க. கர்த்தரோட ஆளு நீங்க. நீங்க ஒரு வாய் தின்னாத்தானே நாங்க திங்கோணும்? நீங்க கோழிக்குப் போடச் சொல்லிப்போட்டுப் போயிட்டீங்க."

நான் வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகளைப் பார்த்தேன்.

"கோழி தின்னாச்சே, அது போதாதான்னு நான் கேட்டனுங்க" என்றாள். "இவரு ஒத்துக்கலீங்க."

ஊர்க்கவுண்டரும் வந்து பேசியிருக்கிறார். கோயிலுக்கு வந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சாப்பிடு, பச்சைப்பிள்ளையைப் பட்டினி போடாதே என்றாராம். நியாயமான பேச்சு. குடியானவரோ, உபதேசியார் இன்றைக்கு வந்துவிடுவார், நாளைக்கு வந்துவிடுவார் என்று இருபத்தொரு நாள் சொல்லியிருக்கிறார். ரசஞ்சோற்றுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்த அந்த நாட்களை நினைத்தேன்.

உலையேற்றச் சொன்னேன். வெந்ததும் அவர் மனைவி இலையில் ஒரு கரண்டி வைத்தாள். மூன்று பேரும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமைச்சோறு இறங்கவில்லை, ஆனால் அதற்குச் சாமை காரணமில்லை. ஒருவழியாக விழுங்கினேன். அதற்கப்புறம்தான் அவர்கள் கை வைத்தார்கள்.

"ஐயா ஜெபம் பண்ணுங்க" என்றார் அவர். எப்போதும் முக்கால் மணி நேரம் ஜெபிக்கிறவன் நான். அன்று "மன்னியும்" என்ற ஒரு சொல்தான் வந்தது. அதைக் கர்த்தரிடம் கேட்டேனா, அவர்களிடம் கேட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு நெல்லரிசி மூட்டை மலையேறவில்லை. மாற்றத்தைப் பற்றிய பிரசங்கத்தையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைத்தேன்.

மறுவருஷம் சாமை பழுத்தபோது நான் மலையை விட்டு அசையவில்லை. புதுச்சோற்றை என் முன்னால் வைத்தார்கள். நான் முதல் கவளத்தை எடுத்து அந்தப் பெண்ணின் வாயில் ஊட்டினேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏனுங்க ஐயா, கர்த்தர் இன்னும் சாப்புடலீங்களே" என்றார்.

"சாப்புட்டுக்கிட்டுத்தான் இருக்காருங்க" என்று மென்றுகொண்டிருந்த அவள் கன்னத்தைக் காட்டினேன்.

அவர் குனிந்து அந்தக் கன்னத்தை உற்றுப் பார்த்தார். அதற்குள் அவள் மென்று முடித்து, இன்னொரு வாய் கேட்டாள்.