மூன்றாவது சர்வர்

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை. நர்சுகளிலிருந்து லிஃப்ட்காரர் வரை எல்லோருக்கும் அவள் "சர்வர் அக்கா"தான். தரைக்குக் கீழே, சலவை அறையை ஒட்டி, ஏசி ஓயாமல் இரையும் அறையில் இரண்டு சர்வர் கம்ப்யூட்டர்கள். நோயாளிகளின் விவரமெல்லாம் அவற்றில்தான். ஒன்று படுத்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ளவும் இரண்டு பேர்: அவளும், அவளைவிட மூத்தவரான ஒரு அண்ணனும். ஒருவர் வீட்டுக்குப் போனால் அவசரப் போன் மற்றவர் கையில்.

அண்ணன் எதையும் கிண்டலாகத்தான் சொல்வார். "இதுங்க ரெண்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரிம்மா. பேச்சு நின்னுச்சுன்னா வீட்டை ரெண்டாக்கிடும்" என்பார். பஞ்சாயத்துக்கு மூன்றாவதாக ஒரு சர்வர் வேண்டும் என்று இருவரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். "ஓடிட்டுத்தானே இருக்கு, அதைப் போய் ஏன் நோண்டுறீங்க?" என்றார் சூப்பரின்டென்டன்ட்.

ஒருநாள் இரண்டுக்கும் நடுவே இருந்த இணைப்பு அறுந்தது. மற்றது செத்துவிட்டது என்று ஒவ்வொன்றும் நினைத்து, இரண்டுமே பொறுப்பேற்றுக்கொண்டன. ஒரு தையல்காரப் பெண்ணுக்குக் குறிப்பிட்ட ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் பதிந்தது ஒன்றில். வார்டில் நர்ஸ் பார்த்தது அந்தக் குறிப்பு போய்ச் சேராத மற்றதில். மருந்து ஏறியது. அந்தப் பெண் பிழைத்தாள், சிறுநீரகம் பிழைக்கவில்லை.

யார் தலையாவது உருள வேண்டியிருந்தது. அன்று போன் அண்ணன் கையில் இருந்தது. விசாரணையில் அவள் மூடி மறைக்காமல் சொன்னாள்: "அவர் மேல தப்பில்ல சார். மூணாவது மெஷின் நாங்க கேட்டோம். நீங்கதான் தரல." எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு மூன்றாவது சர்வர் வந்து இறங்கியது.

அதை அடுக்கில் ஏற்றி, மற்ற இரண்டில் இருப்பதையெல்லாம் அச்சுப் பிசகாமல் இதிலும் போட்டாள். ஆனால் பழையவை புதியதைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. காலையிலிருந்து மல்லுக்கட்டியும் பிடி கிடைக்கவில்லை. கடைசியில் கூச்சத்தை விட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நேரம் சரியா ஓடுதான்னு பாத்தியா?" என்றார் அவர், நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் இருந்தவர் போல.

பார்த்தாள். புதியதன் கடிகாரம் எங்கோ பின்னால் நின்றது. சரிசெய்ததும் சேர்ந்துகொண்டது.

"வேலை ஏதாவது அமைஞ்சுதாண்ணே?"

"போற இடத்துல எல்லாம், முன்னாடி எங்க இருந்தீங்கன்னு கேக்குறாங்க. சொன்னா, மரியாதையா காபி குடுத்து அனுப்பிடுறாங்க. காபிக்குக் குறைச்சல் இல்லம்மா."

மறுநாள், சூப்பரின்டென்டன்ட் பக்கத்தில் நிற்க, அவள் வேண்டுமென்றே ஒரு சர்வரின் கேபிளைப் பிடுங்கினாள். தனித்துப்போனது தானாக ஒதுங்கிக்கொண்டது. மற்ற இரண்டும் சேர்ந்து வேலையைத் தொடர்ந்தன. மாடியில் எந்த வார்டுக்கும் எதுவும் தெரியவில்லை. இவ்வளவுதான் விஷயம்.

"பிரமாதம்" என்றார் அவர்.

"இப்பவாவது அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்க சார். ராத்திரி பகல்னு போனைத் தனியா என்னால பாக்க முடியாது."

அவர் நிஜமாகவே குழம்பிப்போய் அவளைப் பார்த்தார். "அதான் மூணு ஆயிடுச்சேம்மா. ஒண்ணு போனாலும் தானா ஓடும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் ரெண்டாவது ஆள் எதுக்கு? அந்தப் போஸ்ட்டையே எடுத்தாச்சு."

அவள் பிடுங்கிய கேபிளைத் திரும்பச் சொருகினாள்.

மத்தியானம் அண்ணனை அழைத்தாள். மகள்தான் எடுத்தாள்.

"அப்பா தூங்குறாங்க அத்தை. இப்பல்லாம் பகல்லயும் தூங்கிட்டேதான் இருக்காங்க. எழுப்பட்டுமா?"

"வேண்டாம்மா. அந்த மெஷின் நல்லா ஓடுதுன்னு மட்டும் சொல்லிடு."

சொன்னாளோ என்னவோ, அவர் திரும்பக் கூப்பிடவில்லை. அவளும் அதன்பிறகு கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த வாரம் ஊரில் தன் அக்கா வீட்டுக்குப் போவதாக இருந்தாள். அவசரப் போனைக் கொடுத்துவிட்டுப் போக இன்னொரு கை இல்லாதபோது எங்கே போவது என்று அதையும் விட்டுவிட்டாள்.