பூகோள வாத்தியார் படகு படித்த கதை

பாய்மரப் படகு ஓட்டும் தொழிலில் பாதி நேரம் கயிற்றோடு மல்லுக்கட்டுவது, மீதி நேரம் தலையைக் குனிவது; இந்த இரண்டுக்கும் நடுவில் எப்போதாவது படகும் ஓடும். நாற்பது வயதுக்கு மேல் ஸ்கூட்டரோ, டைப்ரைட்டிங்கோ, இந்தியோ கற்றுக்கொள்ளப் போய், "நமக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்று பாதியில் தலையில் கைவைத்து உட்கார்ந்தவரா நீங்கள்? வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நாம் எல்லாம் ஒரே கட்சி.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாத விடுமுறை. தூத்துக்குடிக்கு எதிரே கடலில் கிடக்கும் ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரு படகுப் பயிற்சிப் பள்ளி. மூன்று வாரம் அதில் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை.

சட்டை முந்திக்கொண்டது

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பூகோள வாத்தியார். எங்கள் தலைமையாசிரியர் அங்கே இங்கே அலைந்து, பள்ளியில் கடல் சாரணர் படை தொடங்க அனுமதி வாங்கிவிட்டார். கடிதத்தின் அடியில் ஒரு நிபந்தனை இருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் ஆசிரியர் ஒருவர் படகுப் பயிற்சியில் தேறிச் சான்றிதழ் காட்டவேண்டும். இல்லையென்றால் வாய்ப்பு வேறு ஊர்ப் பள்ளிக்குப் போய்விடும். மனுஷன் அடிவரைக்கும் படித்தால்தானே! அதற்குள் இருபத்து நாலு பையன்களுக்கு வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் தைத்து வாங்கிவிட்டார். பையன்கள் அதை மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்கெல்லாம் போய் வந்தார்கள்.

யாரை அனுப்புவது? நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணியில் வெள்ளம் போகும்போதே அக்கரைக்கு நீந்தியவன் என்று பத்து வருஷமாக ஆசிரியர் அறையில் பீற்றிக்கொண்டிருந்தேன். வாய் சும்மா கிடந்தால் ஏன் இந்த வினை? எல்லாரும் ஒருமிக்க என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் தோளில் தட்டி, "சட்டை தச்சாச்சு சார், பிள்ளைங்க முகத்துல முழிக்கணும்னா பாஸாயிட்டு வாங்க" என்றார்.

வாத்தியாருக்கு வாத்தியார்

தீவு என்றதும் தென்னந்தோப்பு, பங்களா என்று நினைத்துவிடாதீர்கள். ரெண்டு ஓலைக்கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, மணலில் கவிழ்த்துப் போட்ட ஆறு படகுகள். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். கொட்டகை வாசலில் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற பயிற்சியாளரைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. அந்தோணி! மணப்பாட்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி எங்கள் பள்ளியில் படித்தவன். கடைசிப் பெஞ்சு. என் வகுப்பில் அவன் எழுந்து நின்ற நேரம்தான் அதிகம்.

"ஏலே அந்தோணி, நீயா?" என்றேன், சத்தமாக, எல்லார் காதிலும் விழும்படி. அவன் மரியாதையாகச் சிரித்தான். என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான். தண்ணீர் கொடுத்தான். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னான்: "சார், ஊர்ல நீங்க எப்பவும் எனக்கு சார்தான். ஆனா விசில் ஊதினா மட்டும் ஓடி வந்து வரிசையில நின்னுருங்க."

காற்று

இரண்டாம் நாள் எங்களை மணலில் நிறுத்தி, "காத்து எங்கேர்ந்து வருது?" என்று கேட்டான். ஆகா, நம்ம பாடம்! பதினெட்டு வருஷம் கரும்பலகையில் அம்புக்குறி போட்ட கை இது. குச்சியை எடுத்து மணலில் இந்தியாவை வரைந்தேன். நிலம் சூடாவதில் தொடங்கி, இந்துமகா சமுத்திரம் வரைக்கும் போய், தென்மேற்குப் பருவக்காற்றைக் கேரளா வழியாக இழுத்துக்கொண்டு வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு குப்பென்ற காற்று. பக்கத்தில் பாயேற்றி நிறுத்தியிருந்த படகில், பாயின் அடியில் படுக்கைவாட்டில் ஒரு கட்டை கட்டியிருக்கும். அது சுழன்று வந்து என் பிடரியில் ஒன்று வைத்தது. இந்தியாவின் மேலேயே குப்புற விழுந்தேன். அந்தோணி என்னைத் தூக்கி உட்காரவைத்து, தலையைத் தடவிக்கொண்டே சொன்னான்: "சார், காத்து எங்கேர்ந்து வருதுன்னுதான் கேட்டேன். ஏன் வருதுன்னு கேக்கல."

உடன்குடி அண்ணாச்சி

என்னோடு ஒரே படகில் சேர்த்துவிட்ட கூட்டாளி உடன்குடிக்காரர், கருப்பட்டி வியாபாரி. ஐம்பது வயது, நல்ல கனத்த உடம்பு. நீச்சல் சுத்தமாகத் தெரியாது. பிறகு எதற்கு வந்தார்? சம்பந்தி வீடு தூத்துக்குடி. கல்யாணப் பந்தியில் சம்பந்தி, "பனங்காட்டு ஆளுக்குக் கடல் காத்து ஆகுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாராம். அந்த ரோஷத்தில் வந்தவர். அந்தோணி முதலில் மாட்டவே மாட்டேன் என்றான். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, மூன்று நாள் கரையோரத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்துத்தான் படகில் ஏற்றினான்.

அண்ணாச்சி கருப்பட்டி இல்லாமல் எங்கேயும் போகமாட்டார். ஒரு துணியில் முடிந்து படகுக்குள் பலகைக்கு அடியில் வைத்துவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாகத் தீவில் உள்ள எறும்பெல்லாம் அதில் குடியேறிவிட்டது எங்களுக்கு எப்படித் தெரியும்? நடுக்கடலில் என் கால்சட்டைக்குள் ஏறிவிட்டன. ஒரு கையில் சுக்கான், மறு கையில் பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு. சொறியக்கூட வழியில்லை. நான் குதித்த குதியில் படகே ஆடியது. அண்ணாச்சி அசையாமல் ஒரு கருப்பட்டித் துண்டைத் தட்டி வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "எறும்பே பயமில்லாம கடலுக்கு வந்திருக்கு வே, வாத்தியாரு நீரு ஏன் இந்தக் குதி குதிக்கீரு?"

ஞாயிற்றுக்கிழமை

இரண்டாவது ஞாயிறு வீட்டுக்குப் போக விட்டார்கள். உள்ளங்கை ரெண்டும் கயிறு இழுத்துத் தோல் உரிந்திருந்தது. சோற்றைப் பிசைந்தால் ரசம் பட்டு எரிந்தது. மூக்குத் தோல் வேறு உரிந்து தொங்கியது. என் மனைவி இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள். எல்லாம் என் வாய்க்கொழுப்பால் வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் மொட்டைமாடியில் காற்று வாங்கப் போனேன். கொடியில் அவள் காயப்போட்டிருந்த போர்வை காற்றில் படபடவென்று அடித்தது. என்னை அறியாமலே அதன் முனையைப் பிடித்து, இழுத்துக் கட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றுவிட்டேன். போர்வை நன்றாகப் புடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, தீவில்கூட எனக்கு அவ்வளவு அழகாகப் பாய் நின்றதில்லை. அப்போதுதான் அவள் வாளியோடு மேலே ஏறி வந்தாள். நின்று பார்த்தாள். "எந்த ஊருக்குப் போனாலும் போங்க, போர்வையை மட்டும் இங்கனயே விட்டுட்டுப் போங்க" என்றாள்.

ஆற்றுப் பழக்கம்

கடைசி வாரம் பரீட்சை. கடலில் மிதக்கவிட்ட இரண்டு தகர டின்களைச் சுற்றி வரவேண்டும். நடுவில் படகு கவிழ்ந்தால், இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டே இருந்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறிச் சாய்ந்து நிமிர்த்தவேண்டும். ஆள் ஆளுக்குத் தனி மதிப்பெண். கரையோரத்தில் விசில் ஊதிக் கவிழ்த்துப் பழகியபோதெல்லாம் நான்தான் முதல். அண்ணாச்சிக்கு நானே சொல்லிக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரீட்சையன்று முதல் டின்னைத் தாண்டியதும் எதிர்பாராமல் ஓங்கி ஒரு காற்று. விசிலும் இல்லை, ஒன்றும் இல்லை, படகு சாய்ந்து இரண்டு பேரும் தண்ணீரில். அந்த நொடியில் எனக்குப் படகு ஞாபகமில்லை, பரீட்சை ஞாபகமில்லை. ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளையாகிவிட்டேன். ஆற்றில் என்ன செய்வோம்? தண்ணீர் இழுக்கிற பக்கமே சாய்ந்து நீந்தினால் எப்படியும் ஏதாவது ஒரு படித்துறையில் கொண்டு ஒதுக்கிவிடும். நான் பாட்டுக்குக் கரையைப் பார்த்து வீச்சு வீச்சென்று நீந்தினேன். கடலில் ஏது படித்துறை? ஐம்பது வீச்சுக்கு அப்புறம் தலையைத் தூக்கினால் கரை முன்னைவிடத் தள்ளி இருக்கிறது! லைஃப் ஜாக்கெட் கழுத்தை முட்டுகிறது, கை ஓய்ந்துவிட்டது. பயந்துபோனேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், "அந்தோணி சார்! அந்தோணி சார்!" என்றுதான் கத்தினேன்.

மோட்டார் படகில் வந்து என்னை அள்ளிப் போட்டார்கள். திரும்பிப் பார்த்தால், அண்ணாச்சி அந்தப் பலகைமேல் ஏறி, தன் கனத்தை எல்லாம் கொடுத்துச் சாய்ந்து, தனி ஆளாகப் படகை நிமிர்த்தி உள்ளே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் போனதும் என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டார்: "நீச்சல் தெரியாத நான் இங்கனயே கிடக்கேன். நீச்சல் தெரிஞ்ச நீரு எங்க வே போனீரு?"

முப்பத்து நாலு

அண்ணாச்சி பாஸ். நான் பெயில். பட்டியலைப் பார்த்ததும் கண்ணுக்குள் இருபத்து நாலு வெள்ளைச் சட்டை வந்து நின்றது. பள்ளி திறக்க நான்கு நாள்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது? "உங்க வாத்தியார் வாயால் மட்டும் நீந்துவார்" என்றா?

சாயங்காலம் மானம் மரியாதையை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு அந்தோணியிடம் போனேன். பாய் மடித்துக்கொண்டிருந்தான். "பிள்ளைங்க விஷயம்ப்பா. படகு ஓட்டினதுல குறை இல்லையே? இந்த ஒண்ணுதானே? கொஞ்சம் பாத்துப் போடேன்" என்றேன். அவன் மடிப்பதை நிறுத்தவில்லை. "சார், ஒம்பதாங்கிளாஸ் முழுப்பரீட்சையில பூகோளத்துல நான் முப்பத்து நாலு. ஒரு மார்க்குக்காக எங்கம்மா மணப்பாட்டுலேர்ந்து பஸ் ஏறி வந்து உங்ககிட்ட நின்னா. ஞாபகம் இருக்கா?" என்றான்.

இருந்தது. கையில் கருவாட்டுப் பையோடு நின்ற அந்த அம்மாவிடம், சும்மா தூக்கிப் போட்டால் பையன் உருப்படமாட்டான் என்று நான் பேசிய பேச்சும் ஞாபகத்துக்கு வந்தது. பையைக்கூட வாங்காமல் அனுப்பினேன். எனக்கு அங்கேயே மணலுக்குள் போய்விடலாம் போல இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தேன். பத்தடி போயிருப்பேன், பின்னாலிருந்து குரல் வந்தது: "அன்னைக்கு நீங்க மார்க் போடல, மறுபரீட்சை வச்சீங்க. காலையில காத்து எந்திரிச்சதும் வந்துருங்க சார்."

மறுபரீட்சை

கூட ஆள் இல்லாமல் படகு எடுக்க முடியாது. ஊருக்குப் புறப்பட மூட்டை கட்டியிருந்த அண்ணாச்சி, மூட்டையை அவிழ்த்து வைத்துவிட்டு, "உம்மைத் தனியா விட்டா மறுபடியும் ஸ்ரீவைகுண்டத்துக்கு நீந்திருவீரு" என்று தானே வந்து ஏறிக்கொண்டார். முதல் டின் நன்றாகச் சுற்றினோம். இரண்டாவது டின்னைச் சுற்றும்போது, நான் நேர்ந்துகொள்ளாத சாமி இல்லை, அதே மாதிரி ஒரு காற்று. சாய்ந்தது படகு.

தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியதும் என் வலது கை தானாகக் கரையைப் பார்த்து நீண்டுவிட்டது. சத்தியமாக நான் நீட்டவில்லை. நாற்பது வருஷத்து ஆற்றுப் பழக்கம் நீட்டியது. அலை முகத்தில் அடிக்கிறது, மூக்கில் உப்புத்தண்ணீர், கரை "வா வா" என்கிறது. அந்தக் கையை மடக்கி இழுத்துக் கொண்டுவந்து படகின் விளிம்பில் வைத்தேன். வைத்து அழுத்திப் பிடித்தேன். அந்தப் பக்கம் அண்ணாச்சி, "அப்படியே கிடங்க வாத்தியாரே, பைய, பைய" என்றார். பலகைமேல் ஏறினேன். ஒரு தரம் வழுக்கினேன், மறுபடி ஏறினேன். சாய்ந்தேன். பாய் தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தது பாருங்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடல் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விட்டதால் யாரும் பார்க்கவில்லை.

படகைக் கரைக்குக் கொண்டுவந்தோம். அண்ணாச்சி இறங்கி வேட்டி மாற்றப் போய்விட்டார். அந்தோணி காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு என் முன்னால் நீட்டினான். வாங்க எனக்குக் கை வரவில்லை. நான் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, மணலில் முட்டிபோட்டு, படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவன் குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். "பாஸ் சார். கரைக்கு வந்து கால்மணி நேரம் ஆச்சு, இனிமே படகை விடலாம்."

ஜூன் மாதம் இருபத்து நாலு வெள்ளைச் சட்டையும் வரிசையாக வந்து என் முன்னால் நிற்க, பத்து வருஷம் ஆற்றைப் பற்றி ஆசிரியர் அறையில் பேசிய வாய், படகைப் பற்றி எடுத்த முதல் பாடம் ஒரே வரிதான்: கவுந்தா எவனும் கெட்டிக்காரத்தனமா நீந்தப்படாது.