பச்சையாகப் போய்ச் சேர வேண்டிய சரக்கு

வாழைக்காயைக் கடல் தாண்டி அனுப்புகிற தொழிலில் எங்களுக்கு ஒரே எதிரி வாழைப்பழம். தினமும் தச்சநல்லூரிலிருந்து பஸ் பிடித்து, தாமிரபரணி கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும் தோணித்துறைக்குப் போய், ஆற்றங்கரைத் தோட்டங்களின் காய்களை மாலத்தீவுக்கு ஏற்றிவிடுவது என் வேலை. நாலு நாள் கடல் பயணம். அதுவரை காய் காயாகவே இருக்கவேண்டும். கண்ணெதிரே கெட்டுப்போகிற சரக்கோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற மீன், பூ, தக்காளி வியாபாரிகளே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

தாலாட்டு

ஸ்ரீவைகுண்டத்து முத்தையா அண்ணாச்சி முதல்முறையாக ஒரு லாரி நிறையத் தார்களோடு வந்தார். போன வருஷம் காற்று அவர் தோட்டத்தை மொத்தமாகச் சாய்த்துவிட்டது. இந்த லோடு பச்சையாகப் போய்ச் சேர்ந்தால் தொடர்ந்து அவர் காயையே எடுப்பதாக மாலத்தீவு வியாபாரி சொல்லியிருந்தார். இல்லையென்றால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூரில் மகன் வீட்டோடு போய்விட வேண்டியதுதான். அதனால் மனிதர், சரக்கை இறக்கி வைக்கும் கிட்டங்கி வாசலிலேயே நின்று, ஒவ்வொரு தாரை இறக்கும்போதும் "பைய, பைய" என்று உயிரை வாங்கினார். சுமை தூக்கும் மாரியப்பன் ஒரு கட்டத்தில் தாரும் தோளுமாக நின்றேவிட்டார்.

"அண்ணாச்சி, பிள்ளையத் தொட்டில்ல போடுத மாதிரி போடச் சொல்லுதீய. அப்பம் பாட்டு நீங்கதான் படிக்கணும்."

புறப்படும் நேரம்

தோணியின் தலைவரைத் தண்டல் என்போம். எங்கள் தண்டல் காதர் காக்கா கடலைப் பார்த்துவிட்டு, காற்று சரியில்லை, இன்று கிளம்பாது என்றார். மறுநாளும் அதே கதை. லாட்ஜில் இருப்புக்கொள்ளாத அண்ணாச்சி மணிக்கொருதரம் வந்து, "எப்பம் கிளம்பும்?" என்று நச்சரித்தார். காக்கா இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவர். கோபப்படவில்லை.

"உங்க தோட்டத்துக்கு வந்த காத்து நேரம் சொல்லிட்டா வந்துச்சு அண்ணாச்சி? என்கிட்ட மட்டும் எப்படிச் சொல்லும்?"

ஒரு கட்டு பக்தி

இனி என் பெருமை. அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், அவர் சரக்கு நல்லபடியாகப் போகட்டும் என்று அன்று சாயங்காலம் கிட்டங்கிக்குள் சாமி கும்பிட்டேன். ஒரு ஊதுபத்தி போதாது என்று ஒரு கட்டையே கொளுத்தி முன்வரிசைத் தார்களுக்கு நடுவே செருகினேன். காற்றில் அணைந்துவிடக் கூடாதே என்று கதவையும் இறுக்கிப் பூட்டினேன். பானைக்குள் வாழைத்தாரை வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, வாயை மூடிப் பழுக்க வைப்பதை எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். சாமி கும்பிடும்போது அதெல்லாம் ஞாபகம் வருகிறதா?

இரண்டு நாள் கழித்துக் காற்று அடங்கியது. கதவைத் திறந்தால் கமகமவென்று வாசனை. முன்வரிசை முழுக்க மஞ்சள். மாரியப்பன் மூக்கை உறிஞ்சினார்.

"இலையப் போடுங்க சார், பந்தி வச்சிருவோம்."

பின்வரிசை

ஒரு மனிதரின் தோட்டத்தையே ஒரு தீக்குச்சியில் முடித்துவிட்டேன். அண்ணாச்சியிடம் போய், நான்தான் கொளுத்தினேன் என்று சொல்லிவிட்டேன். அவர் நேரே கிட்டங்கியின் பின்பக்கம் போனார். அங்கேயும் மஞ்சள்! நான் அந்தப் பக்கமே போகவில்லையே? சன்னல் கம்பி ஓரத்தில் எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகள் கற்றையாகக் கிடந்தன.

"முன்னால நீரு கொளுத்தினது எனக்குத் தெரியுமா வே? நான் பின்னால ஒரு கட்டு வச்சிட்டுல்லா போனேன்."

மிச்சம்

தார்ப்பாய் போட்டு மூடியிருந்த நடுவரிசைகள் மட்டும் தப்பின. காக்கா ஒவ்வொரு தாராகத் தட்டிப் பார்த்து ஏற்றினார். பாதி லோடுதான். அடுத்த ஐந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறாம் நாள் காக்கா போன் செய்தார்: காய் பச்சையாக இறங்கிவிட்டது, அடுத்த லோடு முழுசாக வேண்டுமாம். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"அடுத்த தடவ சாமிய அவரவர் வீட்டுல இருந்தே கும்புடுவோம் வே."

பீடிக்குத் தடை போட்ட பலகையிலேயே ஊதுபத்திக்கும் தடை எழுதவேண்டி வந்த கிட்டங்கி, இந்தத் துறையில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.